முதல் குளிருக்கே எரியும் மஞ்சள் விளக்கு

கனடாவில் அக்டோபர் முடிந்து நவம்பர் பிறக்கும் சமயத்தில், வெப்பநிலை முதன்முறையாகப் பூஜ்ஜியத்தைத் தொடும் ஒரு காலை வரும். அன்று டொராண்டோ வட்டாரத்தில் ஸ்கார்பரோவிலும் மார்க்கம் நகரிலும் வேலைக்குக் கிளம்பும் பல கார்களின் டாஷ்போர்டில் ஒரே மஞ்சள் விளக்கு எரியும். மேலே திறந்த ஒரு வளைவு, அடியில் பல் பல்லாக ஒரு கோடு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். முந்தின நாள் மாலை ஒழுங்காக ஓடிய வண்டிதான். ஆணி எதுவும் குத்தவில்லை, டயரும் சப்பையாகத் தெரியவில்லை. கால் மணி நேரம் ஓட்டினால் சில வண்டிகளில் அந்த விளக்கு தானாகவே அணைந்தும் விடும். "குளிருக்கு சென்சார் குழம்பிடுச்சு, ஒண்ணுமில்ல" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

சென்சார் குழம்பவில்லை. இரவோடு இரவாகக் காற்று எங்கும் போய்விடவில்லை என்பது சரிதான், ஆனால் டயர் உண்மையிலேயே இளைத்திருக்கிறது. அந்த விளக்கை எரியவைத்ததில் அன்றைய குளிருக்குப் பாதிப் பங்குதான் உண்டு. மீதி, யாரும் அழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் கழிந்த கோடை மாதங்களுடையது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

டயருக்குள் அடைபட்ட காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி உட்சுவரில் மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த மோதல்தான் அழுத்தம். சூடு குறைந்தால் அவற்றின் வேகம் குறைகிறது, மோதலின் விசையும் குறைகிறது. டயரின் உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகள் இருப்பதால் அதன் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வெப்பநிலை இறங்கினால் அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கியாக வேண்டும். பிரான்சில் கியோம் அமோன்தோன் 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்த உறவு இது. பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் கே-லுசாக் பெயரில் படித்திருப்போம்.

இதில் கணக்குப் போடும்போது இரண்டு இடத்தில் சறுக்கலாம். முதலாவது தெரிந்ததுதான்: வெப்பநிலையைக் கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273-ஐக் கூட்டி, எடுக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் என்பது 293 கெல்வின், மைனஸ் 20 என்பது 253. இரண்டாவதில்தான் படித்தவர்களே விழுகிறார்கள். கேஜ் காட்டும் எண் டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் அல்ல. உள்ளே இருக்கும் அழுத்தத்திலிருந்து வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்த மிச்சம் அது. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). எனவே கேஜில் 33 என்று காட்டும் டயருக்குள் உண்மையில் 47.7 இருக்கிறது. சப்பையாகத் தரையோடு ஒட்டிய டயரில் கேஜ் பூஜ்ஜியம் காட்டும். அப்போதும் உள்ளே 14.7 இருக்கவே செய்யும்.

சரி, 20 டிகிரியில் 33 பிடித்த டயரை மைனஸ் 20-க்குக் கொண்டுபோவோம். 47.7-ஐ 253-ஆல் பெருக்கி 293-ஆல் வகுத்தால் 41.2. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் கேஜ் காட்டப்போவது 26.5. ஆறரை பி.எஸ்.ஐ போய்விட்டது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. வெளிக்காற்றை மறந்து 33-ஐ அப்படியே விகிதத்தில் குறைத்திருந்தால் 28.5 என்று வந்திருக்கும்; பாதகமில்லை என்றும் தோன்றியிருக்கும். சுருக்கமாக நினைவில் வைக்க, 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் ஒரு பி.எஸ்.ஐ இறங்கும் என்று கொள்ளலாம். அமெரிக்கர்கள் இதையே 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒன்று என்கிறார்கள்.

இந்தச் சறுக்கல் ஒருமுறை அமெரிக்கா முழுவதும் வேடிக்கை பார்க்க நடந்தது. டயரில் அல்ல, பந்தில். 2015 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அருகே ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியும் ஆடிய அமெரிக்கக் கால்பந்துப் போட்டி அது. பந்துக்குள் குறைந்தது 12.5 பி.எஸ்.ஐ இருக்க வேண்டும் என்பது விதி. இடைவேளையில் பேட்ரியாட்ஸ் பந்துகளை அளந்தபோது சராசரி 11-க்கும் 11.5-க்கும் இடையில் இருந்தது. பிடிக்க வசதியாக வேண்டுமென்றே காற்றை இறக்கிவிட்டார்கள் என்று புகார் கிளம்பியது. நாடறிந்த வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன், குளிர்தான் காரணம் என்றால் 125 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் இருந்த காற்றைப் பந்தில் அடைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். கேஜ் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்ட அவர் மறந்திருந்தார். பிறகு அதை ஒப்புக்கொண்டு திருத்தினார். அறையில் 21 டிகிரி செல்சியஸ், மைதானத்தில் 9 என்று வைத்து நாமே முறையாகப் போட்டால் 12.5 பிடித்த பந்து 11.4-க்கு இறங்குகிறது. இத்தனைக்குப் பிறகும் பேட்ரியாட்ஸ் அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் டாம் பிரேடிக்கு நான்கு ஆட்டங்கள் தடை விழுந்தது. நீதிமன்றம் வரை இழுபட்டு 2016-இல் அதை அனுபவித்தார். பந்தில் யாராவது கைவைத்தார்களா என்பது வேறு வழக்கு. அளவு குறைந்ததற்கு யாரும் கைவைத்திருக்கவே வேண்டியதில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

கேஜ் காட்டுவது வித்தியாசத்தை மட்டும்தான் என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சி உண்டு: ஊட்டி. மேட்டுப்பாளையத்தில் மதியம் 30 டிகிரியில் 33 பிடித்துக்கொண்டு மலை ஏறுகிறீர்கள். மறுநாள் காலை ஊட்டியில் 5 டிகிரி. 25 டிகிரி இறங்கியிருப்பதால் நான்கு பி.எஸ்.ஐ போயிருக்கும் என்று எதிர்பார்ப்போம். கேஜை வைத்தால் 32 காட்டும். ஏன் என்றால் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் 14.1-ஐ ஒட்டி இருந்த வெளியழுத்தம் அங்கே 11.2-ஐ ஒட்டித்தான் இருக்கும். உள்ளே குளிர் குறைத்ததில் பெரும்பகுதியை வெளியே உயரம் ஈடுகட்டிவிடுகிறது. ஊட்டிக்குப் போகும்போது குளிருக்காகக் காற்றைக் கூட்ட வேண்டுமா, வெயில் ஊருக்கு இறங்கும்போது குறைக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: இரண்டும் வேண்டாம். டொராண்டோவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒண்டாரியோ ஏரிக்கரை ஊர், உயரம் அதிகமில்லை. அங்கே குளிர் எடுப்பதை எதுவும் திருப்பித் தருவதில்லை.

இனி அந்த மஞ்சள் விளக்கு. அது எப்போது எரிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அமெரிக்கச் சட்டம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் உருண்டு, ஏராளமானோர் இறந்தபிறகு, 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ, அது மிகக் குறைவு என்று ஃபயர்ஸ்டோனும், டயரே சரியில்லை என்று ஃபோர்டும் மாறி மாறிக் குற்றம் சாட்டிக்கொண்டன. அதே ஆண்டு நவம்பரில் வந்த சட்டத்தின் வழியாகத்தான் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். கருவி கட்டாயமானது. 2007 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களிலும் அது இருந்தாக வேண்டும். பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி.

இருபத்தைந்து சதவீதம் என்பதைக் கவனியுங்கள். 33 போட வேண்டிய டயர் 24.75-க்கு வரும்வரை விளக்கு வாய் திறக்க வேண்டிய கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் கொஞ்சம் முன்னதாகவே எரியும்படி வைப்பதுண்டு, ஆனால் சட்டம் கேட்பது அவ்வளவுதான். இப்போது நவம்பர் காலைக்குத் திரும்பலாம். செப்டம்பரில் 20 டிகிரியில் 33 சரிபார்த்த டயர், பூஜ்ஜியம் டிகிரியில் 29.7 காட்டும். விளக்கு எரியாது. அப்படியானால் எரிந்த வண்டிகளில் என்ன நடந்தது? ஜூனில் 28 டிகிரி வெயிலில் 33 பிடித்திருப்பார்கள். அது பூஜ்ஜியத்துக்கு வந்தால் குளிர் மட்டுமே 28.6-க்கு இறக்கிவிடும். அதோடு ரப்பர் வழியாகவும் வால்வு வழியாகவும் மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ போல நழுவுவது வழக்கமான தேய்மானம். ஐந்து மாதத்தில் நாலைந்து. கூட்டிக் கழித்தால் 24. விளக்கு அந்த ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் பேசவில்லை. அரை வருடத்தின் கணக்கை நீட்டுகிறது.

ஓட்டியதும் அணைந்துவிடுகிறதே என்றால், ஓடும் டயர் நசுங்கி நிமிர்ந்து சூடாகிறது, உள்ளே அழுத்தம் மூன்று நான்கு பி.எஸ்.ஐ ஏறுகிறது, எல்லைக்கோட்டை மறுபடி தாண்டிவிடுகிறது. அப்போது டயரில் 27 இருக்கலாம். விளக்கில்லாமல் 27-இல் ஓடும் வண்டி, விளக்கோடு 24-இல் ஓடுவதைவிட எனக்கு அதிகம் கவலை தருகிறது. பின்னதை ஓட்டுபவருக்காவது விஷயம் தெரியும்.

இன்னொரு குழப்பம், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள எண் எந்த வெப்பநிலைக்கானது என்பது. டயர் குளிர்ந்திருக்கும்போது என்று அதில் எழுதியிருக்கும். பலர் இதை ஏதோ ஒரு நிலையான அறை வெப்பநிலை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும், அவ்வளவே. மதுரையில் அது விடியற்காலை 27 டிகிரி, கனடாவின் வினிபெக்கில் ஜனவரி விடியலின் மைனஸ் 20. இரண்டு இடத்திலும் கேஜ் அந்த ஸ்டிக்கர் எண்ணைத்தான் காட்ட வேண்டும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் 44 அல்லது 51 போன்ற எண் அந்த டயர் தாங்கும் உச்சவரம்பு. அதைப் பார்த்துக் காற்றுப் பிடிக்கக் கூடாது.

இதனால் சூடேற்றிய கராஜ் ஒரு பொறி. பனிக்கால டயர் மாற்ற நவம்பரில் கடைக்குப் போனால், கதகதப்பான கொட்டகைக்குள் 18 டிகிரியில் சரியாக 33 பிடித்து அனுப்புவார்கள். வெளியே மைனஸ் 20 வரும் நாளில் அது 27-க்குக் கீழே போய்விடும். கடைக்காரர் தவறு செய்யவில்லை, கேஜும் பொய் சொல்லவில்லை. உள்ளே பிடிக்கும்போதே ஆறு டிகிரி வித்தியாசத்துக்கு ஒன்று வீதம் கூட்டிப் பிடிக்கலாம். அதைவிட எளிது, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன கம்ப்ரசர் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு, வண்டி இரவெல்லாம் வெளியே நின்ற காலையில் பிடிப்பது. கை விறைக்கும், வேறு வழியில்லை. பெட்ரோல் நிலையம்வரை ஓட்டிப் போய்ப் பிடிப்பவர்கள், டயர் கொஞ்சம் சூடாகிவிட்டதை மனதில் வைத்து ஓரிரண்டு கூட்டியே விடலாம்.

டி.பி.எம்.எஸ். இரண்டு வகை. ஒன்றில் ஒவ்வொரு வால்வோடும் ஒரு சென்சார் உள்ளே உட்கார்ந்து நேரடியாக அழுத்தத்தை அளந்து வானொலி அலையில் அனுப்பும். மற்றதில் சென்சாரே கிடையாது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காகச் சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் கருவியையே பயன்படுத்தி, இளைத்த டயரின் சுற்றளவு குறைவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுவதைக் கண்டுபிடிக்கும். பஞ்சரைப் பிடிக்க இது போதும். குளிரோ நான்கு டயரையும் ஒரே அளவில் இளைக்கவைக்கிறது. ஒப்பிட ஆரோக்கியமான டயர் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் வெறும் ஒப்பீட்டை நம்பும் கருவி என்ன செய்யும்? புதிய வகைகள் சக்கர அதிர்வையும் சேர்த்து ஆராய்ந்து இதை ஓரளவு சமாளிக்கின்றன. இருந்தாலும், இந்த வகை உள்ள வண்டிக்குக் குளிர்காலத்தில் கேஜ்தான் நம்பகமானது.

கனடாவில் இந்தக் கருவியே சட்டப்படி கட்டாயமில்லை. அதனால் பனிக்காலச் சக்கரங்களைச் சென்சார் இல்லாமல் மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டு, நான்கைந்து மாதம் விளக்கு எரிய எரியவே ஓட்டுபவர்கள் நிறைய. அந்த விளக்கு முதலில் ஒரு நிமிடம்போல மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் கருவி பழுது அல்லது சென்சார் கிடைக்கவில்லை என்று பொருள். மினுக்காமல் எடுத்ததுமே நிலையாக எரிந்தால் அழுத்தம் குறைவு.

நைட்ரஜன் போட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று தமிழ்நாட்டு பெட்ரோல் பங்குகளிலும் சொல்வார்கள், அமெரிக்கக் கடைகளிலும் சொல்வார்கள். பச்சை மூடியும் போட்டுத் தருவார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிர்ந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் அழுத்தம் இழக்கும். நைட்ரஜனின் உண்மையான லாபம், ரப்பர் வழியாக அது கொஞ்சம் மெதுவாகக் கசிவது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 31 வகை டயர்களில் 30 பி.எஸ்.ஐ பிடித்து ஒரு வருடம் வெளியே வைத்துப் பார்த்தது. காற்று அடைத்தவை சராசரியாக 3.5-ஐ இழந்தன, நைட்ரஜன் அடைத்தவை 2.2-ஐ. சாலையில் ஓடாமல், குழியில் இறங்காமல் சும்மா கிடந்த டயர்களின் கணக்கு இது. வருடத்துக்கு ஒன்றேகால் பி.எஸ்.ஐ மிச்சத்துக்காகக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

உலர்ந்த காற்றுக்கு மட்டும் கடுங்குளிரில் ஒரு நியாயம் உண்டு. ஈரம் நிறைந்த கம்ப்ரசர் காற்றைப் பிடித்தால், அந்த ஈரம் வால்வின் ஊசியில் உறைந்து, ஊசி சரியாக மூடாமல் காற்று நிஜமாகவே வெளியேறலாம். வால்வு மூடியைத் தொலைக்காமல் வைத்திருப்பதற்கு அங்கே இதுவும் ஒரு காரணம். அதேபோல, பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அலுமினிய ரிம்மை அரித்து, டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் சொரசொரப்பாக்கிவிடும். கோடையில் மெத்தென்ற ரப்பர் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருக்கும். குளிரில் ரப்பர் விறைத்ததும் அங்கே கசிவு தொடங்கும். நான்கில் ஒரு டயர் மட்டும் வாரா வாரம் இறங்கினால் வெப்பநிலையைக் குறைசொல்லிப் பயனில்லை, ரிம்மைப் பார்க்க வேண்டும்.

இளைத்த டயரால் என்ன ஆபத்து? சூட்டில் உரிந்து வெடிப்பது கோடையின் ஆபத்து. ஃபயர்ஸ்டோன் விபத்துகளும் பெரும்பாலும் வெப்பமான தென் மாநிலங்களில்தான் நடந்தன. குளிர்காலத்தில் பயப்பட வேண்டியது வேறு. திருப்பத்தில் டயர் துவள்வதால் வண்டி தாமதமாகத் திரும்பும். பனி உருகி உறைந்து உண்டான குழிகளில் விழும்போது ரிம் நேரடியாக அடிவாங்கும். உருகிய பனிச்சேற்றில் சறுக்கல் சீக்கிரம் வரும். காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்பு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. முழங்கால் ஆழப் பனியில் ஊர்ந்து மீள அது உதவலாம், நகரச் சாலைக்கு ஆகாது. நாசாவின் லாங்லி மையத்தில் வால்டர் ஹோர்ன் 1960-களில் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தார். அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீரைத் தள்ள முடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். கார் டயருக்கு இது தோராயம்தான். 33-க்குப் போட்டால் சுமார் 96 கிலோமீட்டர், 26.5-க்கு 86. நெடுஞ்சாலையில் அந்தப் பத்து சாதாரண வித்தியாசம் இல்லை.

எரிபொருள் நஷ்டத்தைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறைக் கணக்குப்படி நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். ஆறரைக்கு 1.3 சதவீதம். குளிரில் நகருக்குள் ஓடும் பெட்ரோல் காருக்கு, 25 டிகிரியோடு ஒப்பிட்டால் மைனஸ் 7-இல் மைலேஜ் சுமார் 15 சதவீதம் விழுகிறது; அதில் பெரும்பகுதி இன்ஜின் சூடேறத் தாமதமாவதாலும், எண்ணெய் கெட்டிப்படுவதாலும், ஹீட்டராலும் வருவது.

அழுத்தம் சரியாக இருந்தாலும் தவறான ரப்பர் குளிரில் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. பனிக்கால டயரின் கலவை அதற்கும் வெகு கீழே மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. கியூபெக் மாகாணம் 2008-இலேயே இதைக் கட்டாயமாக்கியது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒண்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல், பனிக்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். இதைக் கேட்டு வாங்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்து ஜனவரியில் மைனஸ் 20-இல் 33 பிடித்தவர் ஏப்ரலிலும் ஒருமுறை கேஜை எடுக்க வேண்டும். அதே காற்று ஏப்ரலில் 20 டிகிரி வரும் மதியத்தில் நாற்பதைத் தாண்டிக் காட்டும். டயர் வெடித்துவிடாது, பெரும்பாலான கார் டயர்களின் உச்சவரம்புக்கு அது உள்ளேதான். ஆனால் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும், ஒவ்வொரு மேடுபள்ளமும் இடுப்பில் தெரியும். காற்று கூடிப்போனால் சொல்ல அந்த மஞ்சள் விளக்கை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் குறைவை மட்டும்தான் கேட்டது.